கவிழ்ந்தாலும் நிமிரலாம்



நான் இந்தக் கட்டுரையில் எழுதப்போவது ஒரு படகைப் பற்றி. படகுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பெண் குழந்தை இருக்கிற வீட்டுக்கு இதில் ஒரு சமாசாரம் இருக்கிறது.

கயாக் என்று ஒரு படகு. ஒருவர் மட்டும் உட்காரலாம். நீளம் பதினைந்து பதினாறு அடி இருந்தாலும் அகலம் இரண்டடிகூட இராது. மேலே மூடியிருக்கும். நடுவில் ஒரு துளை. அதற்குள் காலை நீட்டி நுழைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இடுப்பைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒரு ரப்பர் உறை கட்டிக்கொண்டு, அதன் ஓரத்தைத் துளையின் விளிம்பில் இழுத்து மாட்டிவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது. கையில் இரண்டு முனையிலும் அகன்ற தட்டுள்ள ஒரே துடுப்பு.

நம் ஊர்க் கட்டுமரம் கவிழ்ந்தால் மீனவர் அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி மேலே ஏறிவிடுவார். கயாக் கவிழ்ந்தால் அப்படி அல்ல. நாம் படகுக்குள் மாட்டிக்கொண்டிருப்பதால், படகின் அடி வானத்தைப் பார்க்கும், நம் தலை தண்ணீருக்குள் தொங்கும். அந்த நிலையிலிருந்து படகை விட்டு வெளியே வராமலே, துடுப்பாலும் இடுப்பாலும் ஒரு சுழற்று சுழற்றி நிமிர்ந்துவிடுவதற்கு ‘ரோல்’ என்று பெயர். இதை நான் என் 41-ஆவது வயதில் கற்றுக்கொண்டேன். நடுவில் ஒரு தடவை மறந்துபோய், மறுபடியும் கற்றுக்கொண்டேன்.

நான் விளையாட்டு வீராங்கனை இல்லை. பள்ளி இறுதி வரை படித்து, கல்யாணமாகி, இவருடைய உத்தியோகத்தை முன்னிட்டு இங்கிலாந்தின் வடக்கே லங்காஸ்டருக்கு வந்து குடித்தனம் நடத்துகிறவள். இந்த வம்பில் என்னை இழுத்துவிட்டது என் மகள். 2017-இல் அவளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளித் தோழி ஒருத்தி சொல்லி, "அம்மா, நானும் கயாக் கிளப்பிலே சேரட்டுமா?" என்று வந்து நின்றாள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் பெரியம்மாவின் மகள் ஒன்பது வயதில் தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்து போய்விட்டாள். அப்போது எனக்கு ஆறு வயது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடந்தது. அடுத்த கோடையிலேயே சித்தப்பா, வீட்டுப் பையன்கள் ஐந்து பேரையும் அதே கிணற்றில் இறக்கி, இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழக்கினார். பெண்கள் நாங்கள் நாலு பேர். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, "கிணத்துப் பக்கம் போகாதீங்கடி" என்பது மட்டும்தான். விழுந்தது பெண் குழந்தை, நீச்சல் கற்றது ஆண் பிள்ளைகள். அந்த வயதில் எனக்கு இதில் ஒன்றும் விபரீதமாகத் தோன்றவில்லை. என் மகள் வந்து நின்ற அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் தோன்றியது.

இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளிப் பாடத்திட்டத்திலேயே நீச்சல் இருக்கிறது. பதினோரு வயதுக்குள் குழந்தைகள் 25 மீட்டராவது நீந்த வேண்டும் என்பது கணக்கு. அதனால் மகளுக்கு நீச்சல் தெரியும். நானும் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்து தட்டுத் தடுமாறி ஒரு நீளம் நீந்தும் அளவுக்கு வந்திருந்தேன். ஆனால் தலைகீழாகத் தொங்குவது வேறு விஷயம் அல்லவா? "வேண்டாம்" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதையே நானும் சொன்னதாக ஆகியிருக்கும். "நீ சேர்ந்துக்கோ. ஆனா கவிழ்ந்தா எப்படி வெளியே வர்றதுன்னு நானும் கத்துக்கறேன்" என்றேன்.

இவர் சிரித்தார். "கால்வலின்னு மாடிப்படி ஏற மாட்டேங்கறே, கயாக்கா?" என்றார். தஞ்சாவூரிலிருந்து மாமியார் போனில், "ஏம்மா, இந்த வயசிலே தலைகீழாத் தொங்கிக் கத்துக்கறதுக்கு என்ன இருக்கு? வீட்டைப் பாத்துக்கம்மா" என்றார். அவர் சொன்னதும் பாசத்தால்தான். "சரிங்க அத்தே, ஜாக்கிரதையா இருக்கேன்" என்று சொல்லி வைத்தேன்.

இங்கே குளிர்காலத்தில் ஏரித் தண்ணீர் உடம்பை வெட்டும். ஆகையால் படகுக் கிளப்புகள் வாரத்தில் ஒரு மாலை வெந்நீர் ஊற்றிவைத்ததுபோல் இதமாக இருக்கும் உள்ளரங்க நீச்சல் குளத்தை வாடகைக்கு எடுத்து அங்கே பழக்குவார்கள். 2018 ஜனவரியில் அப்படி ஒரு மாலை நானும் மகளும் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, ஓய்வு பெற்ற ஆசிரியை. அவரைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போயிற்று.

முதல் பாடம் நிமிர்வது அல்ல, வெளியே வருவது. கவிழ்ந்ததும் முன்பக்கம் குனிந்துகொள்ள வேண்டும். படகின் அடிப்பாகம் இப்போது மேலே இருக்கும் அல்லவா, இரண்டு கையையும் உயர்த்தி அதில் மூன்று முறை தட்ட வேண்டும். பிறகு ரப்பர் உறையின் முன்னால் இருக்கும் வாரைப் பிடித்து முன்னுக்கு இழுத்தால் உறை கழன்றுவிடும். இரண்டு கையாலும் விளிம்பை அழுத்தித் தள்ளினால் பேன்ட் கழற்றுவதுபோல் படகு காலைவிட்டுக் கழன்று போகும். மூன்று தடவை தட்டு என்று ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். "தட்டுகிற சத்தம் கேட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் உதவிக்கு வருவார்கள். அதைவிட முக்கியம், தட்டி முடிப்பதற்குள் உனக்கே தெரிந்துவிடும், உனக்கு அவகாசம் இருக்கிறது என்று" என்றார் அந்த அம்மாள். அந்த வார்த்தை என் மனத்தில் தைத்தது. முதல் தடவை தண்ணீருக்குள் தட்டும்போது என் நெஞ்சு அடித்த அடி படகுக்கே கேட்டிருக்கும். ஆனாலும் தட்டினேன், இழுத்தேன், வெளியே வந்தேன். மொத்தம் ஐந்தாறு விநாடிதான்.

அடுத்த மூன்று வாரம் துடுப்பே கிடையாது. குளத்தின் ஓரக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். படகைப் பக்கவாட்டில் கவிழவிட்டு, கன்னத்தைக் கையின் மேல் சாய்த்துக்கொண்டு, தண்ணீர்ப் பக்கத்து முழங்காலால் படகின் மேல்தட்டை உள்ளிருந்து எற்ற வேண்டும். இடுப்பு திரும்பும், படகும் திரும்பும். தலை கையின் மேலேயே கிடக்க வேண்டும். படகு முழுக்க நிமிர்ந்த பிறகுதான் தலை எழுந்திருக்க வேண்டும்.

எல்லா சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது. தண்ணீருக்குள் மூச்சு முட்டும்போது உடம்பு முதலில் என்ன செய்யப் பார்க்கும்? தலையைத் தூக்கி மூச்சு வாங்கப் பார்க்கும். அது இயற்கை. ஆனால் மனிதத் தலை நாலரை, ஐந்து கிலோ எடை. தண்ணீரில் மிதக்கும்போது அந்தக் கனம் தெரியாது. படகு பாதி நிமிர்ந்த சமயத்தில் அதை வெளியே தூக்கினால் முழு எடையும் படகின் மேல் விழுந்து, மறுபடி கவிழ்த்துவிடும். மூச்சுக்கு அவசரப்பட்டால் மூச்சு கிடைக்காது. படகு முதலில், உடம்பு பிறகு, தலை கடைசி. இந்த வரிசை மாறாமல் இருந்தால் போதும், பலமே தேவையில்லை.

அரிசி புடைக்கிறவர்களுக்கு இது நன்றாக விளங்கும். முறத்தைப் பலம் கொண்ட மட்டும் ஆட்டினால் உமியோடு அரிசியும் கீழே கொட்டும். சமயம் பார்த்து மணிக்கட்டால் ஒரு சின்ன வெட்டு வெட்டினால் உமி மட்டும் பறக்கும். ரோலும் அப்படித்தான். எங்கள் வகுப்பில் இருந்த கட்டுமஸ்தான வாலிபர்கள் கைப்பலத்தால் துடுப்பை இழுத்து இழுத்துத் தோற்றார்கள். கையில் பலமில்லாத என் மகள் ஐந்தாம் வாரமே நிமிர்ந்துவிட்டாள். பலம் இல்லாதவர்களுக்கு இடுப்பையும் முழங்காலையும் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் சரியானதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள்.

பிறகு துடுப்போடு பழகினோம். கவிழ்ந்த நிலையில் முன்னால் குனிந்து, துடுப்பைப் படகை ஒட்டினாற்போல் நீளவாட்டில் வைத்து, அதன் முன்முனையைத் தண்ணீர் மட்டத்திலேயே அரைவட்டமாக வெளியே வீச வேண்டும். உடம்பும் கூடவே திரும்பித் தண்ணீர் மட்டத்துக்கு வரும். துடுப்பு படகுக்குக் குறுக்காக வருகிற சமயத்தில் முழங்கால் எற்று. கண் துடுப்பின் முனையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கண் அங்கே இருந்தால் தலை தானாகக் கீழே கிடக்கும். எனக்குப் பதினோராம் வாரம் இது வந்தது. நிமிர்ந்ததும் மகள் அடுத்த படகிலிருந்து கத்திய கத்தலில் குளத்துக் காவலரே திரும்பிப் பார்த்தார்.

இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு நூலகத்தில் புத்தகங்கள் எடுத்துப் படித்தேன். கயாக் வட துருவத்தை அடுத்த பனிப் பிரதேச மக்களுடையது. ரோல் போடுவதில் பேர்போனவர்கள் கிரீன்லாந்து மக்கள். அங்கே மரம் வளர்வது அபூர்வம். கடல் அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கிய மரத்தால் சட்டம் கட்டி, சீல் என்கிற கடல் மிருகத்தின் தோலை அதன் மேல் இழுத்துத் தைத்துப் படகு செய்தார்கள். வேட்டைக்காரனுடைய உடம்பின் அளவுக்கு ஏற்பத் துணி தைப்பதுபோல் படகு தயாராகும். அதில் போய் ஈட்டி எறிந்து சீல் பிடிப்பான். ஈட்டிக் கயிறு சிக்கினாலோ அலை புரட்டினாலோ கவிழ்ந்துபோவான். பனிக்கட்டி மிதக்கிற அந்தத் தண்ணீரில் படகை விட்டு வெளியே வந்தால் உயிர் தங்காது. ஆகையால் நிமிரத் தெரிவது அவனுக்கு உயிர்.

என்னை அதிசயிக்க வைத்த விஷயம் ஒன்று இதில் உண்டு. படகின் தோலைத் தைத்தவர்கள் பெண்கள். ஊசி தோலின் மறுபக்கத்துக்குப் போகாமல், பாதிக் கனத்திலேயே நுழைந்து வெளியே வரும்படி, மிருகத்தின் நரம்பை நூலாக வைத்துத் தைப்பார்கள். அப்போதுதான் தையல் துளை வழியாகத் தண்ணீர் கசியாது. வேட்டைக்காரன் போட்டுக்கொள்ளும் ‘டுயிலிக்’ என்ற தோல் சட்டையும் அவர்கள் தைத்ததே. அது முகத்தைச் சுற்றியும் மணிக்கட்டைச் சுற்றியும் இறுக்கமாக இருக்கும். அதன் அடி ஓரம் படகின் துளை விளிம்போடு பொருந்திக்கொள்ளும். அவன் தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கும்போது அவனைக் காப்பது பாதி அவன் வித்தை, பாதி அவன் மனைவி போட்ட தையல். குடும்பத்தோடு இடம் பெயர்வதற்கு ‘உமியாக்’ என்று பெரிய திறந்த படகு ஒன்று. அதற்குப் பெண்கள் படகு என்றே பெயர். துடுப்பு வலித்தது பெண்கள்தான்.

ஐரோப்பியர்களில் எடி ஹான்ஸ் பவ்லாட்டா என்ற ஆஸ்திரியர் 1927-இல், துருவப் பயணிகள் எழுதிவைத்ததைப் படித்தே தானாக ரோல் கற்றுக்கொண்டார். இன்றும் ஒருவகை ரோலுக்கு அவர் பெயர்தான். ஜீனோ வாட்கின்ஸ் என்ற ஆங்கில இளைஞர் 1930–31-இல் கிரீன்லாந்துக்குப் போன பயணக்குழுவுக்குத் தலைவர். அங்குள்ளவர்களிடமே கயாக்கும் ரோலும் பயின்றார். மறுபடி 1932-இல் போயிருந்தபோது ஆகஸ்டு மாதம் ஒருநாள் தனியாகச் சீல் வேட்டைக்குப் போனார். அவருடைய காலிப் படகு கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. வயது 25. வித்தை தெரிந்தவரும் தனியாகப் போகக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நானும் மகளும் ஒரு நாள்கூடத் தனியாகத் தண்ணீரில் இறங்குவதில்லை என்று அன்றே பேசி வைத்துக்கொண்டோம்.

குளத்தில் வந்த வித்தை ஏரியில் வருமா? அது வேறு பரீட்சை. பிரிட்டனைச் சுற்றியுள்ள தண்ணீரின் சராசரி வெப்பம் 12 டிகிரி சென்டிகிரேடுதான். 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று முகம் அமிழ்ந்தால் உடம்பு தன்னை அறியாமல் ‘ஹக்’ என்று மூச்சை இழுக்கும். தண்ணீருக்குள் அப்படி இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்காக ஏரிக்குப் போனதும் முதல் வேலையாகக் கரையோரம் நின்று முகத்தையும் கழுத்தையும் நனைத்துப் பழக்கிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார்கள். குளிர் தாங்கும் ரப்பர் உடையும் மிதவைச் சட்டையும் இல்லாமல் இறங்க விடமாட்டார்கள்.

2019 அக்டோபரில் கோனிஸ்டன் ஏரியில் எட்டுப் பேராகப் போயிருந்தோம். ஐந்து மைல் நீள ஏரி. மலைச்சரிவிலிருந்து திடீரென்று காற்று இறங்கியது. குறுக்கே வந்த ஒரு வீச்சில் நான் துடுப்பைத் தூக்கிய சமயம் பார்த்துப் படகு கவிழ்ந்தது. பயிற்சியில் நாமாகக் கவிழ்வோம், மூச்சைப் பிடித்துக்கொண்டு. இங்கே மூச்சு பாதியில் நின்றது. பச்சை இருட்டு. காதில் ஐஸைச் செருகினாற்போல் வலி. முதல் தடவை வீசியதில் பாதிவரை வந்து மறுபடி விழுந்தேன். அப்போது எனக்குள் கேட்டது கிணற்றடியில் கேட்ட குரல்கள் ஒன்றுமில்லை. அந்த ஆசிரியை அம்மாளின், "அவகாசம் இருக்கிறது" என்ற குரல்தான். குனிந்தேன். துடுப்பைச் சரியாக வைத்தேன். முனையையே பார்த்துக்கொண்டு வீசினேன். காற்று முகத்தில் அடித்தது.

நாலு படகு தள்ளி மகள் வெளிறிப்போய் நின்றிருந்தாள். கரைக்கு வந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தபோதுதான் பேசினாள். "நீ ரெண்டாவது தடவை வருவேன்னு எனக்குத் தெரியும்மா. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்" என்றாள். எத்தனை எண்ணினாளாம்? பதினொன்று. எனக்கு அது ஒரு யுகமாக இருந்தது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுத வந்திருக்கவே மாட்டேன். கற்றுக்கொள்வதைவிடக் காப்பாற்றி வைப்பது பெரிய வேலை என்று எனக்குத் தெரிந்தது அதற்கப்புறம்தான்.

2020 மார்ச்சில் கொரோனாவால் இங்கே நீச்சல் குளங்களை மூடினார்கள். நடுவில் திறப்பதும் மூடுவதுமாகக் காலம் போயிற்று. கிளப்பின் குளப் பயிற்சி எங்களுக்கு மறுபடி ஆரம்பமானது 2021 இலையுதிர்காலத்தில்தான். ஒன்றரை வருஷ இடைவெளி. முதல் நாள் படகில் உட்கார்ந்து, பழைய நினைப்பில் கவிழ்ந்தேன். வரவில்லை. மூன்று தடவை, நாலு தடவை, வரவே இல்லை. ஒவ்வொரு தடவையும் தலை முதலில் எழுந்தது. வார் இழுத்து வெளியே வந்து, கரையில் உட்கார்ந்து அழுகையை அடக்கிக்கொண்டேன். சைக்கிள் விட்டவர் எத்தனை வருஷம் கழித்தும் ஓட்டுவார் என்பார்களே, அது இதற்குப் பொருந்தாது. சைக்கிளில் பயம் வந்தால் காலை ஊன்றலாம். இங்கே பயம் வருகிற இடமும் வித்தை வேண்டியிருக்கிற இடமும் ஒன்றே. பழக்கம் விட்டுப்போனால் பயம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

ஆசிரியை அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. "வா, கம்பியைப் பிடி" என்றார். முதல் பாடம். கன்னம் கையின் மேல், முழங்கால் எற்று. கூட வந்தவர்கள் எல்லாம் ரோல் போட்டுக்கொண்டிருக்க, 45 வயதை நெருங்குகிறவள் குழந்தைகளோடு வரிசையில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பதினோரு வாரம் எடுத்தது இந்தத் தடவை நாலே வாரத்தில் திரும்பி வந்தது. உடம்பு முழுக்க மறக்கவில்லை, தூசி படிந்திருந்தது. துடைத்ததும் தெரிந்தது.

அன்று முதல் நான் ஒரு நியமம் வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை குளத்தில் பத்து ரோல். அதற்குப் பதினைந்து நிமிஷம் போதும். வலப்பக்கம் நாலு, இடப்பக்கம் நாலு. கைவந்த பக்கத்தையே போட்டுக்கொண்டிருந்தால் மற்றப் பக்கம் துருப்பிடித்துவிடும். அலைக்கு நம் கைவந்த பக்கம் எது என்று தெரியாதே! ஒன்பதாவது, கண்ணை மூடிக்கொண்டு. பத்தாவது, துடுப்பைக் கோணல்மாணலாக வைத்தபடி கவிழ்ந்து, தண்ணீருக்குள் அதைச் சரிசெய்துகொண்டு எழுவது. நிஜத்தில் கவிழும்போது துடுப்பு ஒருநாளும் சரியான இடத்தில் இருக்காது. பத்து முடிந்ததும், எவ்வளவு நன்றாக வந்தாலும், ஒரு தடவை வார் இழுத்து வெளியே வந்து பார்ப்பேன். அதுவும் மறக்கக் கூடாத பாடம். கோடையில் ஏரிக்குப் போனால் கரையோரம் ஆள் பக்கத்தில் இருக்கையில் ஒரு ரோல் போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்.

கிரீன்லாந்திலும் இதே கதை நடந்திருக்கிறது. துப்பாக்கியும் மோட்டார் படகும் வந்த பிறகு கயாக்கில் போகிறவர்கள் குறைந்து, அந்த வித்தை அழியும் நிலைக்கு வந்தது. 1985-இல் அங்கே கயாக்கைக் காப்பதற்கென்று சங்கம் அமைத்து, வருஷா வருஷம் போட்டி வைக்க ஆரம்பித்தார்கள். போட்டியில் முப்பதுக்கு மேற்பட்ட ரோல் வகைகள். துடுப்பே இல்லாமல் வெறுங்கையால் ஒன்று, கையில் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு இடுப்பால் மட்டும் ஒன்று! இதெல்லாம் வேடிக்கைக்கு அல்ல. கை கயிற்றில் சிக்கினால், துடுப்பு நழுவினால் என்ன செய்வது என்று பாட்டன்மார் யோசித்து வைத்த வழிகள். இப்போது பெண்களும் போட்டியிடுகிறார்கள்.

உடம்பு விஷயத்தில் நான் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன். நீச்சலுக்குப் போகிறவர்களுக்கும் பயன்படும்.

நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குத் தோள் இறுக்கம் சகஜம், சர்க்கரை இருந்தால் இன்னும் அதிகம். ரோல் போடும்போது முழங்கை உடம்பை ஒட்டியே இருக்க வேண்டும். கை தலைக்கு மேலே, பின்னால் போனால் தோள்மூட்டு நழுவும் அபாயம் உண்டு. வீட்டில் தினமும் பாயில் காலை நீட்டி உட்கார்ந்து இடுப்பை இருபக்கமும் மெதுவாகத் திருப்பிப் பழகினால் நல்லது. அதற்கு ஐந்து நிமிஷம் போதும், குக்கர் விசில் வருவதற்குள் முடிந்துவிடும்.

மூக்கில் தண்ணீர் ஏறாமலிருக்கக் கிளிப் போட்டுக்கொள்ளலாம். போடாவிட்டால் வீட்டுக்கு வந்து, கோலம் போடக் குனிந்தால், இரண்டு மணி நேரம் கழித்தும் மூக்கிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டும். பயப்பட வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் அடிக்கடி காதில் புகுந்தால் வருஷக்கணக்கில் காதுக் குழாயின் எலும்பு தடித்துவிடும். ஏரிக்கும் கடலுக்கும் போகிறவர்கள் காதடைப்பான் வைத்துக்கொள்வது அவசியம். காதில் புகுந்த தண்ணீரை எடுக்கக் குச்சியோ கொண்டை ஊசியோ போடாதீர்கள். தலையைச் சாய்த்தால் தானே வடியும். காது சவ்வில் ஓட்டை உள்ளவர்கள், வலிப்பு வந்தவர்கள், ரத்தக் கொதிப்போ இருதயக் கோளாறோ இருப்பவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. முதல் நாள் தலைசுற்றல் வந்தால் போதும் என்று நிறுத்திக்கொள்ளலாம், அடுத்த வாரம் குளம் அங்கேயேதான் இருக்கும். புத்தகத்தையோ வீடியோவையோ பார்த்துத் தனியாக முயற்சி செய்யவே கூடாது. பழகியவர் ஒருவர் பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க வேண்டும்.

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அங்கே அவளே சின்னப் பெண்களுக்குக் கம்பியைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறாளாம். போன தடவை ஊருக்குப் போனபோது என் தங்கையின் ஏழு வயதுப் பெண்ணை நகராட்சி நீச்சல் குளத்தில் சேர்த்துவிட்டுத்தான் வந்தேன். எங்கள் அம்மா தடுக்கவில்லை. குளத்தின் படிக்கட்டில் மூன்று நாளும் வந்து உட்கார்ந்து, குழந்தை மூச்சுப் பிடித்து முகத்தை முக்கி எடுப்பதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நாள் திரும்பி வரும்போது, "அந்தப் பொண்ணுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சகோதரிகளே, உங்களில் பலருக்குக் கயாக் படகைக் காணும் சந்தர்ப்பம்கூட வராமல் இருக்கலாம். ஆனால் கிணறும் குளமும் ஆறும் கடலும் நம்மைச் சுற்றி இருக்கின்றன. பெண் குழந்தைக்குத் தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று சொல்வதோடு நின்றுவிடாமல், நம்பகமான ஒருவரிடம் நீச்சல் கற்றுக்கொள்ள அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் கூடவே இறங்குங்கள். கற்ற பிறகு பள்ளி, பரீட்சை, கல்யாணம் என்று விட்டுவிடாமல் மாதத்துக்கு இரண்டு தடவையாவது தண்ணீரில் இறங்கச் செய்யுங்கள். வருகிற கோடை விடுமுறைக்கு இன்றே ஊரில் விசாரித்து வையுங்கள்.